தூணோரத்து நாற்காலி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் குலுக்கல் அக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, யாரோ பரிசுச் சீட்டு விற்கிற அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் புதன்கிழமை வந்ததும் விஷயம் புரிந்துவிடும்.

புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பேச்சு நடக்கும். வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி வருவார், இல்லையென்றால் உள்ளே இருப்பவர்களில் யாராவது பேசுவார்கள். ஒரு வாரம் நட்சத்திரம், மறுவாரம் எறும்பு, அதற்கடுத்த வாரம் மனிதர்கள் வரிசையில் நிற்கும்போது ஏன் முண்டியடிக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம். எல்லாத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய இடம் இது. கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் பேச்சு முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவுடன் நட்சத்திரக்காரர்கள் ஒரு மேஜை, எறும்புக்காரர்கள் ஒரு மேஜை என்று அவரவர் கூட்டத்தோடு ஒதுங்கிவிடுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன முதல் இயக்குநர் ஒரு விதி போட்டார். புதன்கிழமை குலுக்கல். கூடத்து வாசலில் ஒரு டின் இருக்கும். உள்ளே கையை விட்டு ஒரு சின்ன மர வில்லையை எடுக்க வேண்டும். அதில் எந்த மேஜை, எந்த நாற்காலி என்று இருக்கிறதோ அங்கேதான் உட்கார வேண்டும். இயக்குநருக்கும் அதே டின், தோட்டக்காரருக்கும் அதே டின். மாற்றிக்கொள்ளக் கூடாது.

டின் அக்காவின் பொறுப்பு. பேச்சுகளுக்கு ஏற்பாடு செய்யும் வேலையில் இருந்ததால் இதுவும் அவள் தலையில் விழுந்தது. அவள் தன் பங்குக்கு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொண்டாள்: டின்னைப் பிடிக்கிற கை டின்னுக்குள்ளே போகக் கூடாது. அதனால் அவளுக்கு எந்த மேஜையிலும் இடம் கிடையாது. வாசலை ஒட்டி ஒரு சின்ன மேஜை போட்டுக்கொண்டு, எல்லோரும் உட்கார்ந்த பிறகு அங்கேயே தனியாகச் சாப்பிடுவாள். யாரும் கேட்டு வைத்த விதி இல்லை. எனக்கு எரிச்சலாக வரும். பயண ஏற்பாட்டு மேஜையில் இருக்கிற நான், அக்காவின் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருங்களேன் என்று. "அப்புறம் டின்ன யாரு நம்புவாங்க?" என்பாள்.

நம்பத்தான் நம்பினார்கள். ஒரு முறை பெரிய விருந்தாளி ஒருவர் வந்திருந்தபோது இப்போதைய இயக்குநர் அவளருகே வந்து, குரலைத் தாழ்த்தி, அவருக்குப் பக்கத்து நாற்காலி தனக்கு வருகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். "என்கிட்ட எதுக்கு சார் கேக்கறீங்க? டின்கிட்ட கேளுங்க" என்று டின்னை நீட்டினாள். இயக்குநருக்குச் சமையலறைக் கதவுப் பக்கம் வந்தது.

அந்த வேலையைத் தவிர அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். தம்பியைப் படிக்க வைத்து, அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது பெண் கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, இரண்டு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்து, "எங்களோட வந்து இருந்துடேன்க்கா" என்பான். "பாக்கலாம்டா" என்பாள். இரண்டு பேருக்கும் அது நடக்காது என்று தெரியும்.

இனி லேத் மாஸ்டருக்கு வருகிறேன். கருவி செய்யும் பட்டறையில் லேத் இயந்திரத்தில் வேலை செய்தவர். சோதனைக்கு வேண்டிய குழாய், வளையம், தாங்கி எல்லாம் கடைந்து தருவார். முதலில் டின்னில் வெறும் காகிதச் சுருள்கள்தான் இருந்தன. மடித்த விதத்தைத் தடவிப் பார்த்தே நல்ல இடத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குத்துறைக்காரர் ஒருவர் நிரூபித்துக் காட்டவே, எல்லாம் ஒரே மாதிரி மரத்தில் வில்லைகள் செய்துதரும்படி பட்டறைக்குச் சொன்னார்கள். மாஸ்டர் செய்துகொண்டு வந்தார். அக்கா ஒவ்வொன்றையும் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது ஓரம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு."

மாஸ்டர் அதை வாங்கித் தடவினார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"எனக்குத் தெரியுது."

மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டு போய் அன்று மாலையே வேறொன்று கொண்டுவந்தார். அவருக்கு மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். அதிகம் பேசாத மனிதர். ஆனால் புதன்கிழமைப் பேச்சு ஒன்றைக்கூட விட மாட்டார். கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். வில்லை எடுக்கும்போது அக்கா கேட்பாள்: "எதுவரைக்கும் புரிஞ்சுது?"

"தலைப்பு வரைக்கும்" என்பார் ஒரு வாரம்.

இன்னொரு வாரம், "எறும்பு இருந்த வரைக்கும் புரிஞ்சுது. அப்புறம் எறும்பு போயிடுச்சு, கணக்கு வந்துடுச்சு."

அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு. வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். பின்னால் வரிசை நிற்கும், அவர் நகர்ந்துவிடுவார். ஆனால் செவ்வாய்க்கிழமையே அக்காவின் முகம் தெளிந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். ஒரு தடவை கிண்டலாகக் கேட்டும்விட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாள்.

கூடத்தில் தூணை ஒட்டி ஒரு மேஜை உண்டு. அதில் மூன்று நாற்காலிகள் தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கும். நாலாவது நாற்காலி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, சமையலறைக் கதவு திறக்கிறபோதெல்லாம் முதுகில் இடி வாங்கிக்கொண்டிருக்கும். யாருக்கும் பிடிக்காத இடம். அக்காவின் சின்ன மேஜையிலிருந்து பார்த்தால் அந்த மேஜையில் தெரிவது அந்த ஒரு நாற்காலிதான்.

"அது அவருக்கு அடிக்கடி வருதுடி" என்றாள். "வாராவாரம் இல்ல. ஆனா அடிக்கடி. நான் சாப்பிடறப்ப நிமிந்து பாத்தா அவர் இருப்பாரு. அவரும் சாப்பிடுவாரு. என்னமோ ரெண்டு பேரும் ஒரே மேஜைல உக்காந்த மாதிரி இருக்கும்."

"எத்தன தடவ வந்துச்சு?"

"எண்ண மாட்டேன். எண்ணினா போயிடும்."

தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாத கைக்கு டின் தானாகப் பார்த்துக் கொடுக்கிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதைவிட அதிகமாக ஆசைப்பட அவளுக்குப் பயம்.

அப்புறம் மாஸ்டர் ஓய்வு பெற்றார். பட்டறைக்காரர்கள் கூடி மாலை நேரத்தில் ஒரு வழியனுப்பு வைத்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"பொண்ணு வீட்டுக்கே போயிடறேன். இனிமே புதன்கிழமை எல்லாம் வர முடியுமான்னு தெரியல" என்றார்.

"ஆமா, ரொம்ப தூரம்" என்றாள் அக்கா.

"ரெண்டு பஸ் மாறணும்."

"மாறணும்தான்."

அவர் கொஞ்ச நேரம் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் குனிந்து வேலை செய்வதுபோல் இருந்தேன். இரண்டு பேர் தலையையும் பிடித்து நன்றாக ஒரு முட்டு முட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அதற்குப் பின் வந்த புதன்கிழமைகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். டின்னை எப்போதும்போல் நீட்டினாள், சிரித்தாள். எதுவரைக்கும் புரிந்தது என்று யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போவாள். நிமிர்ந்து பார்ப்பாள். அந்த நாற்காலியில் ஒரு வாரம் மாணவி, ஒரு வாரம் தோட்டக்காரர், ஒரு வாரம் யாருமில்லை. காலியாக இருந்த வாரம்தான் அவளுக்குக் கொஞ்சம் தேவலாம். ஒரு நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் என்னிடம், "அந்த ரெண்டாவது பஸ் எங்கேருந்து கிளம்புது, தெரியுமா?" என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டாள். தன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

எங்களிடம் புள்ளியியல்காரர் ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் சராசரி, சராசரி என்பதால் அவர் பெயரே சராசரி சார் ஆகிவிட்டது. நல்ல பிள்ளை. வந்து ஒன்றரை வருடம்தான் இருக்கும். மாஸ்டர் போய் ஆறு மாதம் கழித்து, புதன்கிழமைப் பேச்சு அவர் முறை. தலைப்பு: தற்செயலை எப்படி நம்புவது. அக்கா வழக்கம்போல் பின்கதவை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சு நடுவில், சபையைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துத் திரையில் ஒரு படம் போட்டார். எங்கள் டின்னின் படம்.

"நம்ம வீட்டு உதாரணமே ஒண்ணு இருக்கு" என்றார். "நான் சேந்த புதுசுலேருந்து சாப்பாட்டுக் கூடத்துல சும்மா வேடிக்க பாத்துக்கிட்டே வந்தேன். தூணோரத்துல இருக்கற ஒரு நாற்காலி. பட்டறைல இருந்த லேத் மாஸ்டருக்கு அது திரும்பத் திரும்ப வந்துச்சு. தற்செயலா இவ்ளோ தடவ வரவே வராது. அவர் ஓய்வு பெற்ற பிறகு பாருங்க, எல்லாருக்கும் சமமா வருது. அப்போ கோளாறு எங்க? வில்லைலயா, டின்லயா, இல்ல..."

அடுத்த படத்தில் 'மோசடி?' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒன்றிரண்டு பேர் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்றைக்கும் டின்னை நீட்டினாள். தான் சாப்பிடவில்லை. கூடம் காலியானதும் டின்னை நேரே கொண்டுபோய் இயக்குநர் மேஜையில் வைத்தாள்.

"வேற யாரையாவது பாத்துக்குங்க சார்."

"அவன் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னான்..."

"அவர் சொன்னது சரிதான் சார். தற்செயலா வராது."

அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் சராசரி சாரைச் சரமாரியாகத் திட்டித் தீர்த்தேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசியில் திரும்பி, "ஏண்டி, நான் மனசுக்குள்ள ஆசப்பட்டேனே, அது டின்னுக்குள்ள போயிடுச்சோ?" என்றாள். "கை போகல. சத்தியமா போகல. ஆனா ஒவ்வொரு வாரமும் அவர் கைய உள்ள விடறப்ப, அது வரணும் வரணும்னு நெனச்சேன். நெனச்சதும் மோசடிதானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது கதவைத் தட்டி எறும்பு அம்மா வந்தார். எறும்புகளைப் பற்றி ஆராய்கிற மூத்த விஞ்ஞானி. யாருக்கும் பயப்படாதவர், அன்றைக்குத் தயங்கித் தயங்கி நின்றார்.

"அது வந்து... ஒரே ஒரு தடவ, நான் அந்தத் தூண் நாற்காலிய மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு அவரோடத வாங்கிக்கிட்டேன். அவருக்குச் சன்னலோரம் வந்திருந்துச்சு. தட்டு எடுக்கற வரிசைல நிக்கறப்ப அவராதான் கேட்டாரு. வெயில் கண்ணுல படுதுன்னாரு. விதிய மீறினது தப்புதான். ஒரு தடவதானேன்னு விட்டுட்டேன்."

அவர் போய்ப் பத்து நிமிடத்தில் நட்சத்திரக்காரர் வந்தார். அவரிடம் மாஸ்டர், மின்விசிறிக் காற்று பட்டால் கழுத்து வலிக்கிறது என்றாராம். மூளையைப் பற்றி ஆராய்கிறவரிடம், ஒரு காது மந்தம், கூட்டத்தில் உட்கார முடியவில்லை என்றாராம். தோட்டக்காரரிடம் மட்டும் காரணமே சொல்லவில்லையாம், வில்லையைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாராம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் மாற்றிக்கொண்டதாக நினைத்திருக்கிறார்கள். ஒரு தடவை என்பது சின்னப் பிழை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அத்தனை பேரும் அவரவர் பிழையைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மாலைக்குள் எங்கள் அறை வாசலில் ஒரு வரிசையே நின்றது. அதில் இயக்குநரும் இருந்தார். கதவுப் பக்கம் வந்திருந்த அவர் அன்றைக்கு அந்தப் பெரிய விருந்தாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது எப்படி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாகச் சராசரி சார் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நானும் ரெண்டு தடவ மாத்திக்கிட்டேன்க்கா" என்றார். "ரெண்டுதானேன்னு நெனச்சேன். மன்னிச்சிடுங்க. மோசடின்னு போட்டிருக்கக் கூடாது."

அக்கா அவரைப் பார்த்தாள். "எல்லாத்துலயும் நல்ல எடம் அவர்தான் விட்டுக் குடுத்தாரா?"

"ஆமாக்கா. ஒவ்வொரு தடவையும். அந்த எடத்துல அப்படி என்னதான் இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல."

அக்கா எழுந்து வெளியே போனாள். கொஞ்சம் பொறுத்து நான் தேடிப் போனபோது, காலிக் கூடத்தில் தூணோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

"இங்கேருந்து சன்னல் தெரியல" என்றாள். "விருந்தாளி மேஜை தெரியல. மத்த மேஜை ஒண்ணும் தெரியல. என் மேஜை மட்டும்தான் தெரியுது."

நானும் குனிந்து பார்த்தேன், அப்படித்தான் இருந்தது.

"நான் டின்னுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்டி. இத்தன வருஷமா. அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்லி, முதுகுல இடி வாங்கிக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்காரு. நான் டின்னுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்." முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவரை நான் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னேன்.

மறுநாள் டின் எங்கள் அறைக்குத் திரும்பி வந்தது. ஓய்வு பெற்றவர்களையும் பேச்சுக்குக் கூப்பிடலாம், அது பழைய வழக்கம்தான், யாரும் கூப்பிடாமல் விட்டுப்போயிற்று. மாஸ்டரின் போன் நம்பரை நான் தேடிக் கொடுத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அறையில் யாரும் இல்லையென்று நினைத்துப் பேசினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நின்றேன்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.

"புதன்கிழம ஒரு பேச்சு இருக்கு... சோப்பு நுரையப் பத்தி... இல்ல, எனக்கும் தலைப்பு வரைக்கும்தான் புரியுது... வந்தா எடம் கெடைக்குமாவா?" பழக்க தோஷம் விடவில்லை. "குலுக்கல்ல என்ன வருதோ அதுதான்."

புதன்கிழமை அன்று கூட்டம் வருவதற்கு முன் டின்னை என்னிடம் கொடுத்தாள். "இன்னைக்கு நீ புடி" என்றாள். கொடுப்பதற்கு முன்னால் உள்ளே கையை விட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்து, இரண்டு வில்லைகளைப் பொறுக்கி எடுத்தாள். டின்னுக்குள் அவள் கை போனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இன்னொன்றைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தால் வாசலில் சராசரி சார் நின்றுகொண்டிருக்கிறார். அக்காவின் முகம் செத்துவிட்டது.

அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஒரு தடவன்னா கணக்குல தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நுரைப் பேச்சு பாதி ஓடிய பிறகுதான் மாஸ்டர் வந்தார். இளைத்திருந்தார், சட்டை புதிதாக இருந்தது. கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். அக்கா அதற்கு முன்பே கூடத்துக்குப் போயிருந்தாள். பேச்சு முடிந்து வரிசை நகர்ந்து அவர் முறை வந்தது. சின்ன மேஜையில் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அவங்க இல்லியா?"

"நான்தான் மாஸ்டர் இன்னைக்கு" என்று கையிலிருந்த வில்லையை நீட்டினேன்.

திருப்பிப் படித்தார். அதே தூண், அதே நாற்காலி. ஒரு முகம் அப்படி வாடியதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

"இத மாத்திக் குடுக்க முடியுமாம்மா?" என்றார் மெதுவாக. "அந்த எடம்... கதவு முதுகுல இடிக்கும்."

"மாத்திக்கக் கூடாது மாஸ்டர். விதி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் சின்ன மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் தூணைச் சுற்றி வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தூணுக்குப் பின்னால் இருப்பது என் இடத்திலிருந்து தெரியாது. சமையலறைக் கதவு திறந்து அவர் முதுகில் இடித்தது. அவர் அசையவில்லை.

அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "எதுவரைக்கும் புரிஞ்சுது?"

மாஸ்டர் நாற்காலியைத் தூக்கித் தூண் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் சாப்பாடு முடியும்வரை என் மேஜையிலிருந்து அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.